வெள்ளையா ஒண்டும் இல்லாத படம்

மல்லாவி ஆசுபத்திரியில மனிசியின்ர எக்ஸ்ரே படத்தை ஈரம் காயமுதலே கையில தந்தவை. புளிச்ச காடி மணம்... ஓரத்தால சொட்டி என்ர சாரம் நனைஞ்சது.

தொண்ணூற்றியாறாம் ஆண்டுச் சண்டை. கிளிநொச்சியால இடம்பெயர்ந்து மல்லாவியில கொட்டில் போட்டிருந்தம். வெளிக்கிட்ட அண்டு விழுந்து வெடிச்ச செல் குண்டின்ர காத்து, என்ர மனிசி லெட்சுமியைத் தூக்கி பதுங்கிற பங்கர் வாசல் மரக்குத்தியில அடிச்சுப் போட்டுது. வெளியில காயமில்லை. இடது விலாவுக்குக் கீழ நோகுது எண்டு மட்டும் சொன்னவா.

அந்த நாளில எங்கட சனம் எல்லாருக்கும் படம் பாக்கத் தெரியும். எழுத்துத் தெரியாத நானும் பாப்பன். (இதையும் நான் சொல்லச் சொல்ல மகள்தான் எழுதுறா.) வெயிலுக்கு நேர பிடிக்கிறது. சின்னதா, பளிச்செண்டு வெள்ளையா ஏதும் கிடந்தா செல் துண்டு. இல்லாட்டி ஆள் தப்பியாச்சு.

பக்கத்துக் கொட்டில் செல்வராசாவும் எட்டிப் பாத்தான். "அண்ணை, களை பிடுங்கின வயல் மாதிரித் துப்புரவாக் கிடக்கு."

லெட்சுமி சிரிச்சா. "என்னட்ட ஒண்டும் இல்லையெண்டு சொன்னா நம்பமாட்டியள். இப்ப படம் எடுத்தும் பாத்தாச்சு."

டொக்டர் மட்டும் சிரிக்கேல்லை. "ஐயா, இதில எலும்பும் இரும்பும்தான் வடிவாத் தெரியும். உள்ளுக்கு ரத்தம் கசிஞ்சா பிடிபடாது. வவுனியாவில வயித்துக்கு ஸ்கான் எடுக்கவேணும். கடிதம் தாறன், பாஸ் எடுங்கோ."

வன்னியை விட்டு வெளிய போக இயக்கத்தின்ர பாசுக்கு அலையவேணும், திரும்பி வருவம் எண்டு ஆள் பிணை வைக்கவேணும். இரும்பு இல்லையே, பிறகென்ன எண்டு இருந்திட்டன்.

"இஞ்சாருங்கோ, ஒருக்காப் போய்ப் பாப்பமே?" எண்டு ஒரு நாள் கேட்டவா.

"படத்தை நான் ரெண்டு கண்ணாலயும் பாத்தனான்" எண்டன்.

பிறகு கேக்கேல்லை.

படம் எடுத்துப் பன்ரெண்டாம் நாள் காலமை கிணத்தடியில சுருண்டு விழுந்தா. ஆசுபத்திரிக்குக் கொண்டோட, சேலைன் ஏத்தி அம்புலன்சில வவுனியாவுக்கு அனுப்பினவை. வழியில புளியங்குளம் வரமுதலே அவவின்ர கை குளிர்ந்திட்டுது...

என்ர மடியில அந்தப் படம்.

இப்ப கொஞ்ச வருசத்துக்குள்ள எனக்கே எல்லாம் எடுத்தாச்சு. முழங்காலுக்கு எக்ஸ்ரே. வயித்துக்குக் குளிர்ந்த களி பூசி உருட்டுற ஸ்கான்... கல்லு, தண்ணி, கசிஞ்ச ரத்தம் எல்லாம் சத்த அலையால தேடுமாம், எலும்புக்கு அங்கால பாக்காதாம். விழுந்து தலை அடிபட, வளையத்துக்குள்ள படுக்கவைச்சு சிட்டி ஸ்கான். அதுவும் எக்ஸ்ரே கதிர்தான், ஆனா பாண் வெட்டின மாதிரிச் சீவிச் சீவிக் காட்டும். நாரி முள்ளந்தண்டுக்கு எம்ஆர்ஐ. அது காந்தம். தகரத்தில அடிக்கிற மாதிரிச் சத்தம். உள்ள விடமுதல் வெள்ளி அரைஞாணையும் கழட்டிப்போட்டு, "உடம்புக்குள்ள செல் துண்டு கிடக்கே ஐயா?" எண்டு படம் எடுக்கிற பிள்ளை ரெண்டு தரம் கேட்டா.

"இல்லைப் பிள்ளை. எங்களுக்குத் துண்டு படேல்லை" எண்டன்.

இப்ப நான் படத்தை வெயிலுக்குப் பிடிக்கிறதில்லை. "இதில என்ன தெரியாது?" எண்டுதான் டொக்டர்மாரிட்டக் கேக்கிறனான். சிரிச்சுப்போட்டு, இருந்து சொல்லுகினம்.

அண்டைக்கு மல்லாவியில அந்த டொக்டர் நான் கேக்காமலே சொன்னவர்.