மூன்றாம் ஓலை

எங்கள் ஊர் மாதா கோவிலில் கல்யாணத்துக்கு மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பூசை முடிவில் பங்குச் சாமியார் உரக்கச் சொல்வார். என் மகளுக்கு இரண்டு ஓலை ஆகியிருந்தது. நாங்கள் தெற்குத் தெரு. மாப்பிள்ளை வடக்குத் தெரு, ஃபைபர் படகில் கடலுக்குப் போகிற பையன். இருவரும் விரும்பிக் கேட்ட சம்பந்தம்.

பேசி முடித்த கையோடு தூண்டில் வளைவுப் பேச்சும் வந்து தொலைத்தது. கரையை அலை அரிக்காமலிருக்கக் கடலுக்குள் போடும் கல் சுவர் அது. எங்கள் தெருவில் நாலு வீட்டைக் கடல் கொண்டுபோயிருந்தது, எங்களுக்குச் சுவர் வேண்டும். இந்தப் பக்கம் கல் போட்டால் அந்தப் பக்கம் அரிக்கும் என்று வடக்குத் தெருவுக்குப் பயம். இரண்டும் நியாயம்தான். கல் எங்கே விழும், வடக்கேயும் ஒன்று கட்டுவார்களா, இதைச் சொல்லியிருந்தால் ஊர் அடங்கியிருக்கும்.

அமைச்சர் வந்தார். முக்கால் மணி நேரம் எதிர்க்கட்சியைக் கிழித்தார். மீன் விற்கிற அக்கா ஒருத்தி எழுந்து, "ஐயா, கல்லு எங்கன விழும்? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க" என்றாள். "தாய்மார்கள் கவலைப்பட வேண்டாம்" என்று கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறிவிட்டார். மறுவாரம் எதிர்க்கட்சிக்காரர் வடக்குத் தெருவில் மேடை போட்டு ஆளுங்கட்சியைக் கிழித்தார். பஞ்சாயத்துச் சுவரில் இங்கிலீஷ் வரைபடம் ஒன்றை ஒட்டினார்கள். அதில் வடக்கு எது, தெற்கு எது என்றே விளங்கவில்லை. தெருவுக்கு ஒரு கொடி ஏறியதுதான் மிச்சம்.

நானும் லேசுப்பட்டவனில்லை. இரண்டாம் ஓலை வாசித்த மறுநாள் மீன் ஏலத்தில் மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்ததும் நாக்கு நிற்கவில்லை. "எங்க வீடு கடல்ல போனாலும் ஒமக்குக் கட்சிதான் பெருசு, என்னவே?" என்றேன்.

அவர் கூடையைக் கீழே வைத்தார். "சுவரு வந்து எங்க தெரு போச்சுன்னா ஒம்ம மவ எந்த வீட்டுல வந்து வாழுவா? யோசிச்சீரா?"

நல்ல கேள்வி. நின்று பதில் சொல்லியிருக்க வேண்டும். "அப்ப எம்மவ வரவே வேண்டாம்" என்று கத்தினேன். இரண்டு தெரு ஆட்களும் சுற்றி நின்றார்கள். சொன்னதை நான் விழுங்கவில்லை, அவரும் மறக்கவில்லை. மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து, வேறு வேலையாகப் போன தாலுகா ஆபீசில், சுவர் எப்போது வரும் என்று கேட்டேன். "அதுவா அண்ணாச்சி? அமைச்சர் வந்துட்டுப் போன மறு மாசமே கைவிட்டுட்டாவளே. ஒங்களுக்கு யாரும் சொல்லலியா?" என்றார் கிளார்க்.

அவர்கள் கைவிட்டபோது எங்களுக்கு முதலாம் ஓலைகூட வாசித்திருக்கவில்லை. இல்லாத சுவருக்காக என் பிள்ளை வாழ்க்கையில் மண்ணள்ளிப் போட்டிருக்கிறேன். இரண்டு கட்சிக்காரர்களையும் திட்டினேன், என்னையும் திட்டினேன். வீட்டில் சொன்னபோது மகள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அடுத்த மீனைக் கையில் எடுத்தாள்.

போன ஞாயிறு அந்தப் பையனுக்கு ஓலை வாசித்தார்கள். பெண்ணுக்கு ஊர் புன்னைக்காயல். கோவிலுக்குள் இடமில்லாமல் நானும் மகளும் வாசலில் நின்றோம். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார் சாமியார்.

மகள் என் கையைப் பிடித்தாள். "நீங்க ஒண்ணும் பேசிராதீங்க எப்பா" என்றாள்.