முள்ளு இறங்கினால் தண்ணி

எனக்கு ஒரு பழக்கம். எது குறைஞ்சாலும் தண்ணி விடுவன். ஆக்கள் கூடினால் சொதிக்குத் தண்ணி. சம்பூ போத்தல் முடியிற நேரம் தண்ணி விட்டுக் குலுக்கினால் இன்னும் ஒரு கிழமை ஓடும். மகள் இதைச் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும், இப்பிடித்தான் நான் குடும்பம் நடத்தினனான்.

கனடாவிலை, ஸ்ரௌவ்வில்லிலை எங்கடை வீட்டுக்குப் பின்னாலை நீட்டிக் கட்டின அறைக்கு நிலத்துக்குள்ளாலைதான் சூடு. கொங்கிறீற்றுக்குள்ளை குழாய் புதைச்சிருக்கு. சுடுதண்ணி சுத்தி வரும். அது உறையாமல் இருக்க, காருக்கு விடுறமாதிரி அன்ரிஃபிரீஸ் கலந்திருக்கு. பேஸ்மன்ரிலை பொயிலருக்குப் பக்கத்திலை ஒரு மீற்றர். குழாய்க்குள்ளை தண்ணி குறைஞ்சால் அதின்ரை முள்ளு இறங்கும். நான் என்ன செய்வன்? பக்கத்திலை இருந்த பைப்பைத் திறந்து தண்ணி விடுவன். முள்ளு ஏறும். இவருக்கு, என்ரை மனுசனுக்கு, சொல்லேல்லை. இரண்டு வருசம் அப்பிடியே போச்சு.

போன தை மாசம் மகளின்ரை பொன்னுருக்கு வந்தது. தாலிக்குப் பொன் உருக்கிற சடங்கு, எல்லாரும் நிலத்திலை இருக்கவேணும், மாப்பிள்ளை வீட்டிலை இடம் காணாது, எங்கடை அந்த அறையிலைதான் எண்டு முடிவு. நாலு நாள் இருக்கேக்கை உறைமழை கொட்டிக் கரண்ட் போயிட்டுது. பொயிலர் நிண்டிட்டுது. அண்டு பின்னேரம் குளிர் மைனஸ் இருபதுக்கு இறங்கினது.

குழாய்க்குள்ளை இருக்கிறது நான் விட்ட பச்சைத்தண்ணி. உறைஞ்சால் குழாய் வெடிக்கும், நிலத்தைக் கொத்தவேணும், பொன்னுருக்கு எங்கை செய்யிறது? வீட்டிலை இருந்த போர்வை, பாய், பழைய ஜக்கற் எல்லாம் கொண்டுபோய் அந்த நிலத்திலை பரப்பினன். இவர் முன்னறையிலை காஸ் நெருப்புக்குப் பக்கத்திலை தொப்பியும் போட்டுக்கொண்டு இருந்தார்.

"ஒண்டும் நடக்காது, நீர் பேசாமல் வந்து இரும்" எண்டார்.

ஆளைக் கடிச்சுக் குதறவேணும் போலை இருந்தது. ஆனால் என்ரை வண்டவாளத்தைச் சொல்லவும் வாய் வரேல்லை.

மூண்டாம் நாள் கரண்ட் வந்தது. பொயிலரைப் போட விடாமல், அதிலை ஒட்டியிருந்த நம்பருக்கு நானே அடிச்சன். வந்தவர் எங்கடை நாட்டு முஸ்லிம் ஆள், நாப்பது வயசிருக்கும். குழாயிலை இருந்து ஒரு சொட்டு எடுத்துச் சின்னக் கண்ணாடிக் கருவியிலை வைச்சு, யன்னல் வெளிச்சத்திலை பாத்தார்.

"மைனஸ் முப்பது வரைக்கும் தாங்கும் அன்ரி. ஒரு பிரச்சினையும் இல்லை."

"அது ஏலாது" எண்டன். "நான் ரெண்டு வருசமாத் தண்ணிதான் விட்டனான்."

அவர் இவரைப் பாத்தார். இவர் தன்ரை சப்பாத்தைப் பாத்தார்.

"குளிர் தொடங்க முந்தி அங்கிள் என்னைக் கூப்பிடுவார் அன்ரி. நீங்கள் வேலைக்குப் போற நாளாப் பாத்துத்தான். தண்ணி கூடினதை இறக்கிப்போட்டு, சரியான அளவிலை கலந்து விட்டுட்டுப் போவன்."

பேஸ்மன்ற் படியிலை இருந்திட்டன். அழுகை வந்தது, கோவம் வந்தது, எல்லாத்துக்கும் மேலாலை ஒரு பெரிய அப்பாடா.

"தெரிஞ்சால் ஏன் சொல்லேல்லை? ரெண்டு நாள் என்னைப் பயத்திலை சாகவிட்டியளே."

"சொன்னால் நீர் ஒரு கிழமைக்குக் கதைக்கமாட்டீர்" எண்டார். "ஒண்டும் நடக்காது எண்டு சொன்னனான்தானே."

பொன்னுருக்கு அண்டு அந்த அறை நிறைஞ்சிருந்தது. வந்த அன்ரிமார் காலை நீட்டி இருந்தபடி, நிலம் நல்ல இதமா இருக்கு எண்டு எழும்ப மாட்டம் எண்டிட்டினம். தேங்காய் எடுக்க நான் பேஸ்மன்ருக்குப் போனன். மீற்றரிலை முள்ளு ஒரு இழை இறங்கியிருந்தது. கை தானாப் பைப்புக்குப் போச்சு. பிடிச்சு நிப்பாட்டினன்.

"இஞ்சேருங்கோ" எண்டு மேலை கூப்பிட்டன். "முள்ளு இறங்கியிருக்கு."

வேட்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு அவர் படி இறங்கி வந்தார். முதல்முறையா ரெண்டுபேரும் சேந்து நிண்டு அந்த மீற்றரைப் பாத்தம்.