திரை கேட்ட பெயர்

கிள்ளானில் மலிவாகக் கிடைக்கும் பழைய கையடக்க கேம் செட்டுகளை வாங்கி, பங்சாரில் மும்மடங்கு விலைக்கு விற்பேன். சென்ற மாதம் பக்கத்து புளோக் ஆன்டி ஒன்றை ஐம்பது ரிங்கிட்டுக்குக் கொடுத்தார். முன்பு ஆடியவர் பெயரில் பழைய ஆட்டப் பதிவு இருந்தால் பங்சாரில் விலை குறைப்பார்கள். வழக்கம்போல், அதிலிருந்த ‘கவின்’ என்ற பதிவை அழித்துவிட்டு ஒரு சேகரிப்பாளரிடம் விற்றேன்.

மறுவாரம் ஆன்டி என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“தெரியாம வித்துட்டேன்லா தம்பி. செத்துப்போன என் மகன் பேரு அதுல வருமாம், மக இப்பதான் சொல்றா. திருப்பிக் குடுங்க.”

பங்சாருக்கு ஓடினேன். கெஞ்சி, கூடுதல் பணம் கொடுத்து மீட்டு வந்தேன். ஆன்டி ஆன் செய்தார். ‘உங்கள் பெயர்?’ என்று மட்டும் திரை கேட்டது. அதை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போதெல்லாம் செட்டை விற்பவர் எதிரிலேயே ஆன் செய்து, “இது யாரு பேரு?” என்று கேட்ட பிறகே விலை பேசுகிறேன்.