ஓடுதளத்தில் கட்டிய பாத்தி

இந்தத் தீவில் மழை வந்தால் மனிதர்கள் வெளியே ஓடுகிறார்கள். குடம், வாளி, சோற்றுப்பானை என்று கைக்குக் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு. அரியலூர்ப் பக்கத்து ஆட்கள் நாங்கள் நால்வர் மட்டும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கொட்டகைக்குள் ஓடுவோம். வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. மாலத்தீவின் தென்கோடியில், கிணறு உப்புக் கரிக்கும் இந்த ஊரில் வானம்தான் குடிதண்ணீர் என்பது உறைக்க எனக்கு ஒரு தவறு தேவைப்பட்டது.

விமான ஓடுதளம் போட வந்தவர்கள் நாங்கள். கப்பல் பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான். ஓடுதளத்தின் முனையில், விமானம் திரும்புகிற இடத்துக்குக் காங்கிரீட் போடுவது என் பொறுப்பு. அது முடிந்தால்தான் லீவு. லீவு கிடைத்தால்தான் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்த வேண்டும்! அக்கா போனில் பொரிந்து தள்ளுவாள்: "ஏண்டா, ஒம் மருமவளுக்கு மூணு வயசு ஆவப்போவுது. வெறுங்காதப் பாத்துட்டு பஸ்ல கண்டக்டர் 'தம்பிய மடியில வச்சிக்கம்மா'ங்கிறான். என் மாமியா வூட்டுல எத்தினி தடவதான் தேதி மாத்துறது?"

"சித்திரைக்குள்ள வந்துடறேன்க்கா."

"எந்தச் சித்திரை?"

அந்த அவசரத்தில்தான் செய்தேன். சிமெண்ட் லாரிப் புழுதியில் வளர்ந்தவன், சிவில் டிப்ளமோ வேறு. போட்ட காங்கிரீட்டைக் காயவிடுவேனா? ஊரில் மாடித் தளத்துக்குச் செய்வதுபோலவே, கலவையால் வரப்புப் பிடித்துப் பாத்தி பாத்தியாகக் கட்டி, பள்ளிவாசலை ஒட்டிய மழைநீர்த் தொட்டியில் ஹோஸைச் சொருகித் தண்ணீர் நிறுத்தினேன். மதியத்துக்குள் நாற்று நடத் தயாரான விக்கிரமங்கலத்து வயல்போல மின்னியது. பெருமையாக நின்றேன். ரோலர் ஓட்டும் உள்ளூர்க்காரர் ஹசன் வந்து பார்த்தார்.

"சார், இதில் மீன் வளர்க்கவா?"

"இல்லை ஹசன், காங்கிரீட் குடிக்க!"

அவர் சிரிக்கவில்லை. "அப்படியென்றால் என் பிள்ளைகள் குடிக்க?"

ஓடிப்போய்த் தொட்டியை எட்டிப் பார்த்தேன். அடித்தரை தெரிந்தது. அன்று மாலையே ஊரார் குழாயைப் பூட்டினார்கள். கம்பெனிக்காக வைத்திருந்த தண்ணீரும் அவர்கள் வீட்டுக்குப் போனது, அதுதான் நியாயம். மழை வரும்வரை வேலை நின்றது. நான் வானத்தைப் பார்த்தபடி சித்திரையைத் தொலைத்தேன். எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக் கல்லில் உறைந்து கிடக்கிற சிப்பிகளின் உறவுக்காரர்கள் இந்தக் கரையில் உயிரோடு ஊர்வதைப் பார்த்துக்கொண்டே எத்தனை பகல்!

மழை வந்தது, வேலை முடிந்தது. ஊரே கைதட்ட இறங்கிய முதல் விமானத்தில் அக்காவின் கடிதமும் இருந்தது. செட்டிகுளம் முருகன் கோயிலில் வைத்துக் குத்திவிட்டார்களாம். போட்டோவில் பெரியப்பா மகன் மடியில் குழந்தை வீறிட்டு அழுகிறாள். பின்பக்கத்தில் அக்காவின் கிறுக்கல்: 'கோவிச்சிக்காத. அவன் மடியில ஒன் வேட்டியத்தான் விரிச்சி உக்கார வச்சேன்.'

இனி விமானமேறினால் மறுநாள் ஊர். போட்டோவைச் சட்டைப்பையில் வைத்தபோது தூறல் விழுந்தது. மற்ற மூவரும் கொட்டகைக்குள் ஓடினார்கள். ஓடுதளத்தில் பாதி தூரம் வந்த பிறகுதான் கவனித்தேன்: என் கையில் வாளி இருந்தது.