இரண்டாவது தடம்

பேயை நம்புங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. நானே நம்புகிறவள் இல்லை. என் பிழைப்பு அப்படி. யார் எழுதினார்கள் என்றே தெரியாத வைரஸ் புரோகிராம்களைப் பிரித்துப் போட்டு, உள்ளே என்ன செய்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதற்குச் சென்னையில் ஒரு கம்பெனி எனக்குச் சம்பளம் தருகிறது. எதற்கும் ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைத்துவிடும் என்றுதான் போன ஐப்பசி வரைக்கும் நினைத்திருந்தேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். சாட்சிக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

நாகமலை புதுக்கோட்டையில் இருக்கும் ஆனிமேரி டீச்சர் வரலாற்றுப் பேராசிரியை. ஓய்வு பெறும் வயது. ஒருநாள் போன் செய்தார்.

"வரலாறு படிக்கிற பிள்ளைகளுக்கு இனிமே கல்வெட்டும் ஓலையும் மட்டும் போதாதும்மா. பழைய கம்ப்யூட்டர் ஃபைலும் ஆவணந்தான். தெறக்க முடியாத ஃபைல எப்படித் தெறக்குறதுன்னு மூணு நாள் வந்து சொல்லிக்குடு."

அவருடைய துறைக் கட்டடத்தில் வெள்ளையடிப்பு நடந்ததால் வகுப்பு அவர் வீட்டு மாடியில். ஆய்வு மாணவர்கள் இரண்டே பேர். அருள்பாண்டி, முத்துமீனா.

பாடத்துக்கு டீச்சர் ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கைக் கொண்டுவந்து வைத்தார். அவருடைய தம்பி தனிஸ்லாஸுடையது. அவரும் வரலாற்று ஆய்வாளர். ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்தவர். கம்ப்யூட்டரும் கற்றுக்கொண்டு, ஒலிப்பதிவுக்குத் தானே ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறார். அந்தப் புரோகிராம் தொலைந்துவிட்டது. ஃபைல்கள் மட்டும் மிச்சம். எந்த மென்பொருளும் அவற்றைத் திறக்கவில்லை.

"இந்த மாடியிலதான் வாடகைக்கு இருந்தான். தொண்ணூத்தொம்பதுல போயிட்டான். நான் அப்ப திருச்சியில வேலை பாத்தேன். மழையில வண்டிய எடுத்துக்கிட்டு என்னையப் பாக்க வந்திருக்கான். கொட்டாம்பட்டி தாண்டி லாரி..." டீச்சர் நிறுத்திக்கொண்டார். "வாரேன்னு சொல்லக்கூட இல்ல. எதுக்கு வந்தான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. பெறகு இந்த வீட்டையே வாங்கிட்டேன். அவன் குரல ஒரு தடவை கேக்கணும் ஈஸ்வரி. அம்புட்டுதான்."

முதல் நாள் டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்தோம். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு கைரேகை எண் எடுத்து வெள்ளைப் பலகையில் எழுதினாள் முத்துமீனா. ஃபைலில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். ஆவணத்தில் யாரும் கை வைக்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

இரண்டாம் நாள் ஃபைலை வெறும் எண்களாகத் திறந்து காட்டினேன். கல்வெட்டுப் படித்தவர்களுக்கு இது எளிதாகவே வந்தது. தெரியாத எழுத்தில் திரும்பத் திரும்ப வருவது எது, வரி எங்கே முடிகிறது என்று தேடினார்கள். தலைப்பகுதியில் 22050 என்ற எண்ணை அருள்பாண்டி பிடித்தான். ஒரு நொடி ஒலியை எத்தனை துண்டாக வெட்டுவது என்ற கணக்கு அது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் ஒலிதான்.

மூன்றாம் நாள் காலை. சாப்பாடு சொல்ல மெஸ்ஸுக்குப் போன் போட்டேன். போனை எடுத்தவர் வாயாடி மனிதர். என் பேர் என்ன, எந்த ஊர், எத்தனை சாப்பாடு என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். மாடியில் சிக்னல் சரியில்லை, வெளியே தூறல் சத்தம் வேறு. கத்திக் கத்திப் பதில் சொன்னேன்.

சாயங்காலம் நாலரை இருக்கும். நாகமலைப் பக்கம் இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. கடைசி ஃபைலை ஒலியாக மாற்றி முடித்திருந்தோம். அவர் இறந்த அன்று பதிவானது. டீச்சரைக் கூப்பிட்டேன். நாற்காலியை இழுத்துப்போட்டு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

முதலில் மழைச் சத்தம். ஃபேன் சத்தம். பிறகு ஓர் இளைஞனின் குரல்.

"யாரு?"

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார்.

பேட்டி என்று நினைத்தேன். ஆனால் பேட்டி எடுக்கிறவர் இப்படிக் கேட்கமாட்டார். குரல் நடுங்கியது.

"பேரு என்ன?"

இடைவெளி. பதில் இல்லை. ஃபேன் மட்டும் ஓடியது.

"எந்த ஊரு?"

இடைவெளி.

"எத்தனை பேரு இருக்கீங்க?"

மறுபடி இடைவெளி. ரொம்ப நேரம். பிறகு மெதுவாக...

"அழுகுறது யாரு...? அக்கா... நீயா?"

டீச்சரால் தாங்க முடியவில்லை. ஸ்பீக்கரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நாந்தான்டா தனிசு... இங்கதான்டா இருக்கேன்... வாடா... அக்காகிட்ட வந்துருடா..."

ஸ்பீக்கரில் நாற்காலி ஒன்று தடாலென்று விழுந்தது. ஓடும் கால்கள். கதவு. பிறகு வெறும் மழை.

நிறுத்தினேன்.

டீச்சரைக் கைத்தாங்கலாகக் கீழே கூட்டிப்போய்ப் படுக்க வைத்தாள் முத்துமீனா. அவள் திரும்பி வந்தபோது அருள்பாண்டி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, நாம பாதியத்தான் கேட்டிருக்கோம்."

"என்ன பாதி?"

"எண்ணு ஒண்ணுவிட்டு ஒண்ணு வேற வேற வரிசையா வருது, ஸ்டீரியோ பாட்டு மாதிரி. ரெண்டு தடம் இருக்கு. ஒண்ண விட்டுட்டோம்."

அவன் சொன்னது சரி. ஆனால் தனிஸ்லாஸிடம் இருந்தது ஒரே மைக், ஒரே தடத்தில்தான் பதியும். இரண்டாவது தடம் காலியாக இருக்க வேண்டும். வெறும் பூஜ்யங்கள்.

பூஜ்யங்கள் இல்லை.

பிரித்தெடுக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. ஓடவிட்டேன்.

இதிலும் மழைச் சத்தம். ஆனால் வேறு மழை. தகரத்தில் விழும் மழை. பக்கத்து வீட்டுக்குத் தகரக் கூரை போட்டு ஒரு வருஷம்தான் ஆகிறது.

பிறகு ஒரு பெண் குரல். கத்திப் பேசியது.

"பாண்டீஸ்வரி!"

என் குரல்.

"வாடிப்பட்டிண்ணே... வாடிப்பட்டி!"

முத்துமீனா என் கையைப் பிடித்தாள்.

"நாலு பேரு இருக்கோம்."



அருள்பாண்டியின் உதடு மட்டும் அசைந்தது. "யாராச்சும் மாத்திட்டாங்களாக்கா...?"

கைரேகை எண்ணை எடுத்துப் பார்த்தேன். பலகையில் இருந்ததை முத்துமீனா ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள்.

அதே எண்.

முதல் நாள் எடுத்த நகல். ஒரு புள்ளிகூட மாறவில்லை. நான் மெஸ்ஸுக்குப் பேசியது மூன்றாம் நாள்.

ஸ்பீக்கரில் விசும்பல் கேட்டது...

"நாந்தான்டா தனிசு... இங்கதான்டா இருக்கேன்..."

லேப்டாப்பை அடித்து மூடினேன்.

கீழே படிக்கட்டில் காலடிச் சத்தம். டீச்சர்.

"இன்னும் ஏதாச்சும் இருக்காம்மா?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"இல்ல டீச்சர். காலியா இருக்கு."

அன்று ராத்திரியே சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டேன். தூக்கம் இல்லை. காரணம் தேடினேன். மைக் கோளாறு, நகல் கோளாறு, எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் வந்த பிரமை... எதுவும் ஒட்டவில்லை.

ஒரு மாதம் கழித்து டீச்சர் மறுபடி அழைத்தார். தனிஸ்லாஸோடு அந்த மாடியில் தங்கியிருந்த நண்பர் விக்ரம் வருகிறாராம். அழகர்கோவில் பக்கம் பள்ளித் தலைமையாசிரியர். மற்ற ஃபைல்களில் இருக்கும் ஊர்க்காரர்களின் குரல் அவருக்கு அடையாளம் தெரியுமாம். மாட்டேன் என்று சொல்ல என்னிடம் காரணம் இல்லை. போனேன்.

பகல் பதினொரு மணி. நல்ல வெயில். டீச்சர் காபி போடக் கீழே போனார். மாடியில் நானும் விக்ரமும் மட்டும். அவர் உள்ளே வராமல் வாசல்படியிலேயே நின்றார்.

"அந்தக் கடைசி ஃபைலக் கேட்டீங்களாமே."

"ஆமாண்ணே."

"அது பேட்டி இல்லம்மா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கொஞ்ச நாளாவே இந்த ரூம்ல ஆள் பேச்சுச் சத்தம். பொம்பளக் குரல். ஒரு பையன் குரல். ரூம்ல நாங்க ரெண்டு பேருந்தான். நான் காலி பண்ணிரலாம்னேன். அவன் கேக்கல. மைக்க வச்சுக்கிட்டுக் கேள்வி கேட்டான். அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். அந்தா, அந்தச் செவத்தோரம் படுத்திருந்தேன். பதிலு வந்துச்சு. நானும் கேட்டேன்."

நான் லேப்டாப்பை மெதுவாகத் தள்ளி வைத்தேன்.

"கடைசியில வந்தது ஆனிமேரி அக்கா குரல். ஆனா... கெழடு தட்டுன குரல். அழுதுக்கிட்டே, 'வாடா, அக்காகிட்ட வந்துரு'ன்னுச்சு. அக்காவுக்கு என்னமோ ஆயிருச்சு, ஆவியா வந்து கூப்பிடுதுன்னு நெனச்சுட்டான். நான் எந்திரிக்கிறதுக்குள்ள வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான்."

கீழே டம்ளர்கள் உரசும் சத்தம். டீச்சர் படியேறத் தொடங்கிவிட்டார்.

நான் விக்ரமின் கையைப் பிடித்தேன். "அண்ணே, இத டீச்சர்கிட்ட சொல்லிராதீங்க. செத்துருவாங்க."

அவர் கையை உருவிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

"அவன் போன பெறகு நான் இங்க தனியாத்தான் கெடந்தேன்," என்றார். "அப்ப என் காதுக்குப் பக்கத்துல ஒரு பொண்ணு இதச் சொல்லுச்சு. இதே குரல். இதே வார்த்தை. அதனாலதான்ம்மா... இம்புட்டு வருஷமும் நான் யாருகிட்டயும் சொல்லல."