எதிரே உட்கார ஓர் ஆள்

போன வாரம் பிரிக்பீல்ட்ஸ் பாசாரில் ஒரு வாசகர் என்னை மடக்கிவிட்டார். "என்ன சார், பக்கத்துலயே நின்னு வணக்கம் சொல்றேன், பார்க்காத மாதிரி போறீங்க? பத்திரிகைல எழுதுற தலைக்கனமா?"

தலைக்கனம் இல்லை ஐயா... கண்!

ஜப்பான்காரன் இங்கே ஆண்டபோதே தெரிந்த சங்கதி இது. காவல் நிற்கும் சென்ட்ரிக்குக் குனிந்து வணங்காமல் போனால் என்ன கிடைக்கும் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? எனக்கும் கிடைத்தது, பளாரென்று. இடது பக்கம் நின்றவனை நான் பார்க்கவே இல்லை — சத்தியமாக!

வீங்கிய கன்னத்தோடு கிள்ளானுக்குப் போனேன். முன்பு ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக, டிரஸராக இருந்த செல்லையா அப்போது அங்கேதான் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அறை வாங்கிய கதையைக் கேட்டதும் கண் பரிசோதனை அட்டையை மாட்டினார். பொடி எழுத்துவரை கடகடவென்று வாசித்துக் காட்டினேன்.

"நேர்ப்பார்வை நல்லாத்தான் இருக்கு அண்ணே. பக்கப்பார்வையப் பார்ப்போம்."

மிஷினுக்கு எங்கே போவது? ஸ்டூலை எதிரே போட்டு உட்கார்ந்தார். நான் வலது கண்ணை மூடினேன். அவர் தன் இடது கண்ணை மூடினார். விரலை இருவருக்கும் நடுவில், பக்கவாட்டிலிருந்து மெல்ல உள்ளே கொண்டுவந்தார். அவருக்குத் தெரியும்போது எனக்கும் தெரிய வேண்டும்.

"தெரியுது!" என்றேன்.

"கண்ணு ஓடுது அண்ணே! என் கண்ணையே பாருங்க லா."

எப்படிப் பார்ப்பது? குனிந்தும், ஓரக்கண்ணால் சென்ட்ரியைத் தேடியும் நடந்த காலம் அது. ஒருவர் கண்ணை நேராகப் பார்க்கிற பழக்கமே விட்டுப்போயிருந்தது. கஷ்டப்பட்டுப் பார்த்தேன். இடது கண் பெயில். வலது கண் விரலுக்குப் பாஸ், அப்பாடா என்றேன். அவர் விடவில்லை. வெள்ளைத் தலை வைத்த குண்டூசியை எடுத்தார். அதற்குப் பெயில்!

"விரல் பெரிசுண்ணே, ஏமாத்திரும். இது குளுக்கோமா, கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறுற வியாதி. போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாத்தணும். சொட்டு மருந்து தர்றேன். வாரம் ஒருக்கா வீட்ல யாரையாவது எதிர்ல உக்கார வச்சு இதே மாதிரி பாருங்க."

வீட்டில் யார்? மனைவியும் மகளும் ஜப்பான் சண்டைக்கு முன்பே நாகப்பட்டினம் கப்பல் ஏறியவர்கள். கடிதம்கூட இல்லை. கண்ணாடி முன் உட்கார்ந்து பார்த்தேன், எப்போதும் பாஸ். என் கை எங்கே வருகிறதென்று எனக்குத் தெரியாதா?

ஆகவே வாரா வாரம் கிள்ளானுக்கே போனேன். கண்ணுக்காக என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில், எதிரே உட்கார்ந்து ஒரு மனிதர் என் முகத்தைப் பார்க்கிறாரே... அதற்காகத்தான்.

வெள்ளைக்காரன் திரும்பியதும் செல்லையா தன் தோட்டத்துக்கே போய்விட்டார். மனைவியும் மகளும் திரும்பும் கப்பல் இன்னும் வந்தபாடில்லை. இருக்கிற பார்வை எவ்வளவு என்று சொல்ல இப்போது ஆளில்லை.

எனவே, கோபித்துக்கொண்ட வாசகரே, வணக்கத்தை நேரெதிரே வந்து சொல்லுங்கள். அப்படியே வீட்டுக்கும் வாருங்கள் — காப்பி உண்டு, குண்டூசியும் உண்டு!