தங்கபுஷ்பத்தின் மைக்

அசோக் நகரில் குடியிருந்த தங்கபுஷ்பத்துக்குப் பகலில் டெலிபோன் எக்சேஞ்சில் வேலை. சனி, ஞாயிறுகளில் கருணாகரன் மாஸ்டரின் மெல்லிசைக் குழுவில் பாடுவாள். கல்யாண வரவேற்புகளில் சினிமாப் பாட்டுப் பாடுகிற குழு அது. எழுபத்திரண்டாம் வருஷம் தை மாதம், தி. நகரில் புதிதாகத் திறந்திருந்த ஒரு கல்யாண மண்டபத்தில் அவள் பாடியபோது ஒரு வார்த்தைகூட யாருக்கும் விளங்கவில்லை. மொசைக் தரை, வழுவழுப்பான சுவர், உயரத்தில் கண்ணாடி ஜன்னல்கள். பாடிய வரி பின்சுவரில் முட்டித் திரும்பி வந்து அடுத்த வரியின் மேல் விழுந்தது.

"அந்தப் பொண்ணு பாடுதா, பானைக்குள்ள பேசுதா?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்க, சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுடைய அப்பா அய்யாதுரையும் அங்கேதான் இருந்தார். ஜவுளிக்கடையில் வேலை பார்த்த அவர் முதலாளி வீட்டுக் கல்யாணம் என்று வந்திருந்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டதை மேடையிலிருந்தே அவள் பார்த்தாள்.

கச்சேரி முடிந்ததும் மாஸ்டர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "உன் குரல்ல எடுப்பு இல்லம்மா. வீட்ல நல்லா சாதகம் பண்ணு."

அவள் நம்பிவிட்டாள். அக்கம்பக்கத்தார் முணுமுணுக்கும்வரை மொட்டை மாடியில் நின்று தொண்டை கிழியப் பாடிப் பழகினாள். கச்சேரிக்குக் கச்சேரி தன் குரல் மீது அவளுக்கு வெறுப்புத்தான் ஏறியது.

ஆவணியில் அதே மண்டபத்தில் இன்னொரு வரவேற்பு வந்தது. அன்று மத்தியானமே அவள் போய்விட்டாள். மயிலாப்பூரில் மைக் செட் வாடகைக்கு விடும், மாஸ்டர் குழுவுக்கு வழக்கமாக மைக் வைக்கும் மெஹபூப் பாஷா மேடையின் இரு பக்கமும் பெரிய ஸ்பீக்கர்களை நிறுத்திக்கொண்டிருந்தார். ஆள் இல்லாத மண்டபத்தின் கடைசியில் போய் நின்று, "பாய், மைக்ல ஏதாவது பேசுங்க" என்றாள்.

"ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றார் பாஷா. அந்த ஒரு ஹலோ அவளுக்கு மூன்றாகக் கேட்டது.

"என் குரல் மட்டும் இல்ல, உங்க குரலும் இப்படித்தான் கேக்குது!"

பாஷா தலையைச் சொறிந்தார். "ஹால் அப்டி கீதும்மா. சத்தம் ஏத்த ஏத்த எதிரொலியும் ஏறும். கம்மியா வெச்சு, ஸ்பீக்கரை ஜனங்க பக்கம் தள்ளிப் போட்டா கொஞ்சம் தெளியும்."

"போன தடவையே இது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் வாயைத் தொறக்கல?"

அவர் வயரைச் சுற்றியபடியே சொன்னார்: "இன்னா பண்றதும்மா? மாஸ்டர்தான் ஃபுல்லா வெக்கச் சொன்னாரு. உன் மைக்கை மட்டும் எறக்கி வெக்கச் சொன்னாரு. அவரு கொரலு மேல நிக்கணுமாம்."

 ஏழு மாதம் தங்கபுஷ்பம் தன் தொண்டையைத் தானே திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். "அவர் சொன்னார், நீங்க செஞ்சீங்க. நான் திட்டு வாங்கினப்போ பக்கத்துலதானே நின்னீங்க?" என்று கத்தினாள். அந்தக் கத்தலும் மும்மடங்காகத் திரும்பி வந்தது.

 மண்டபத்து ஸ்டோர் ரூமிலிருந்து ஜமக்காளங்களை இழுத்துக்கொண்டு வந்தாள். வாட்ச்மேன் தடுத்தபோது, "கிழிஞ்சா என்கிட்ட கேளு" என்று சொல்லிவிட்டுப் பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். சத்தம் பின்சுவரில் முட்டித் திரும்பாதபடி பின்பக்க பால்கனிக் கைப்பிடியில் அவற்றை வரிசையாகத் தொங்கவிட்டுக் கட்டினாள். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்த பாஷா, தானும் ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு மேலே வந்தார். பிறகு ஸ்பீக்கர்களை நாற்காலிகளுக்குப் பக்கத்தில் நகர்த்தி, முகத்தைக் கீழே சாய்த்து வைத்தார். சத்தத்தைப் பாதியாகக் குறைத்தார். அவளுடைய மைக்கை மாஸ்டர் மைக்குக்குச் சமமாக வைத்தார்.

சாயங்காலம் வந்த கருணாகரன் மாஸ்டர் கொதித்துவிட்டார். "யாரைக் கேட்டு இதெல்லாம்? பாஷா, எல்லாத்தையும் பழையபடி வை!"

"வெச்சா நான் பாட மாட்டேன்" என்றாள் தங்கபுஷ்பம். "பஸ் ஏறிப் போயிடுவேன். டூயட்டுல ரெண்டு குரலும் நீங்களே பாடிக்குங்க."

மாப்பிள்ளையும் பெண்ணும் மேடைப் பக்கம் வந்துகொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்தார்.

எதிரொலி முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் வார்த்தை விளங்கியது. இரண்டாவது பாட்டிலேயே ஜனங்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கைதட்டல் அடங்கியதும் மாஸ்டர் எழுந்து, "இன்னிக்கு சவுண்டு நானே பாத்துப் பாத்து வெச்சது" என்று சிரித்தார்.

தங்கபுஷ்பம் தன் மைக்கைப் பிடித்தாள். "இல்லீங்க. சவுண்டு வெச்சது மெஹபூப் பாஷா பாய். ஜமக்காளம் கட்டினது நான். போன தடவை என் மைக்கைக் குறைக்கச் சொன்னதுதான் மாஸ்டர்."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அவள் சிரிக்கவில்லை. 

அதற்குப்பின் மாஸ்டர் அவளைக் கூப்பிடவே இல்லை. பாஷாவையும் கூப்பிடவில்லை. அடுத்த வாரம் பாஷா எக்சேஞ்ச் வாசலில் அவளுக்காகக் காத்திருந்தார்.

"உனக்கு கவர்மெண்டு வேலை கீது, கோவப்படலாம். நான் கோவத்தைத் துன்னுவனா? என் பேரை ஏம்மா மைக்ல சொன்னே?"

 நல்லது செய்ததாகத்தான் அவள் நினைத்திருந்தாள்.

அடுத்து அவளைப் பாடக் கூப்பிட வந்த இரண்டு குழுக்களிடமும், "பாஷா பாய் மைக் செட் வெச்சாத்தான் வருவேன்" என்று சொன்னாள். ஒரு குழு முடியாது என்று போய்விட்டது. அடையாறில் கனகராஜ் என்பவர் நடத்திய சின்னக் குழு ஒத்துக்கொண்டது. அங்கே எழுபத்தெட்டு வரை பாடினாள். 'சண்டைக்காரி' என்று மற்ற குழுக்காரர்கள் அவளுக்குப் பேர் வைத்தார்கள். அதைக் கேட்டும் அவளுக்குக் கோபம்தான் வந்தது. அப்பா மட்டும் ஒருநாள், "வச்சா வச்சுட்டுப் போறானுவ, விடு தாயி" என்றார்.

பாஷா அவளோடு முகம் கொடுத்துப் பேச வெகுநாள் ஆயிற்று. கனகராஜின் கச்சேரிகளுக்கு வருவார், மைக்கை வைப்பார், அவள் பக்கம் திரும்பாமலே போவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தகரக் கூரை போட்ட ஒரு ஹாலில் அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"பின்னாடி போய் நில்லும்மா. எப்டி கேக்குதுன்னு சொல்லு."

"கர்ணகடூரமா இருக்கு" என்றாள்.

"அது எனக்கே தெரியும். எங்கே மாத்தணும், அத்தச் சொல்லு!" என்று அவர் கத்த, அவளும், "ஸ்பீக்கரைக் கீழே சாச்சு வைங்க!" என்று பதிலுக்குக் கத்தினாள்.